குளத்துக் கரையில் நிற்கிறவர்களுக்கு என்ன வேலை?

ஜனவரி 5, 2025, ஞாயிறு. பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் எழுதியது:

பறவை பார்ப்பது நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் யாருக்கு? நானும் இரண்டு தடவை கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். கரையில் நின்றவர்கள் எல்லாம் ரிட்டயர்டு வாத்தியார், டாக்டர், பேங்க் ஆபீசர். கழுத்தில் லட்ச ரூபாய் கேமரா. விடியும் முன்னே எழுந்து கொக்கைப் பார்க்க, உழைக்கிறவனுக்கு எங்கே நேரம்? இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

ஜனவரி 5, இரவு 9.50

நான் சொல்கிறேன். எனக்கு மூலைக்கரைப்பட்டியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. லட்ச ரூபாய் கேமரா கிடையாது. இருப்பது எட்டுக்கு நாற்பத்திரண்டு பைனாகுலர் ஒன்று, அதுவும் பழசாக வாங்கியது. இடது கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்து, ஒரு மூலையில் மட்டும் எப்போதும் மார்கழி மாதம்.

இன்று காலை ஆறேகாலுக்குக் கரையில் ஏழு பேர் நின்றோம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், ஒத்துக்கொள்கிறேன். டாக்டர் ஒருவர், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பல் டாக்டர். நீங்கள் பார்த்த கேமரா அவருடையதாகத்தான் இருக்கும். மிச்சம் ஐந்து பேரைச் சொல்கிறேன். காற்றாலையில் ஏறி வேலை பார்க்கிற பையன். அரசு பஸ் கண்டக்டர். வேறொரு குளத்தில் மீன்பாசி குத்தகை எடுத்திருக்கிற அண்ணாச்சி (இவர் பறவையைப் பார்க்க வருகிறாரா, திட்ட வருகிறாரா என்பது தனிக் கதை). பத்தமடையில் பாய் நெய்கிற ஒரு பெண். அப்புறம் நான்.

எட்டாவது ஆள் நைட் டூட்டி முடிந்து தூங்கப் போய்விட்டார். ரயில்வே கேட் கீப்பர்.

யாருக்கும் பேர் போடப் போவதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

ஜனவரி 6

எட்டு பேரை வைத்து ஊரையே சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல முடியாதுதான். ஆனால் நீங்கள் இரண்டு நாள் பார்த்ததை வைத்துச் சொன்னீர்கள், நான் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்.

பேங்க் ஆபீசர் எங்கள் கூட்டத்தில் யாரும் இல்லை. ஒருவர் இருந்தார், வடக்கே மாற்றலாகிப் போய்விட்டார். போன இடத்திலிருந்து செங்கால் நாரை படம் அனுப்பி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறார்.

ஜனவரி 7

காற்றாலைப் பையனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பணகுடிக்கும் ராதாபுரத்துக்கும் நடுவில் எங்கேயோ வேலை. கோபுரத்துக்குள்ளே ஏணி. இடுப்பில் பெல்ட்டை மாட்டி, அதைக் கம்பியில் கோத்துக்கொண்டு ஏற வேண்டும். எண்பது மீட்டர். மேலே போய் மூடியைத் திறந்தால் மகேந்திரகிரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம்.

ஆனி ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். அப்போது இயந்திரத்தை நிறுத்தவே மாட்டார்கள், ஓடினால் காசு. ஏதாவது கெட்டுப்போனால்தான் ஏறுவான். காற்று ஓய்ந்த மாதங்களில்தான் ஒவ்வொன்றாக நிறுத்தி கிரீஸ் அடிப்பது, போல்ட் முறுக்குவது எல்லாம். வடக்கேயிருந்து பறவை வருகிற மாதங்களும் அவைதான். யாரும் அவனுக்காகத் திட்டம் போடவில்லை, அப்படி அமைந்துவிட்டது.

நாமெல்லாம் பறவையின் வயிற்றைப் பார்க்கிறவர்கள். அவன் முதுகைப் பார்க்கிறவன். மஞ்சள் மூக்கு நாரைக்கு முதுகின் பின்பக்கம் இளஞ்சிவப்பாகச் சிறகு தொங்கும் அல்லவா? தரையில் நிற்கும்போது பார்த்தால் நமக்குத் தெரியும். பறக்கும்போது கீழிருந்து பார்த்தால் கறுப்பும் வெள்ளையும்தான். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி சூட்டுக்காற்று கிளம்பினதும் கூழைக்கடாவும் நாரையும் சிறகை அடிக்காமலே சுற்றிச் சுற்றி மேலே போகும். அவை வட்டம் போட்டுத் தனக்குக் கீழே திரும்பும்போது அந்தச் சிவப்பு ஒரு நொடி தெரிந்து மறையும் என்று அவன்தான் எங்களுக்குச் சொன்னான். வாத்தியார் நம்பவில்லை. பையன் போனைக் கயிறு போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு மேலே போய்ப் படம் எடுத்து வந்தான். படத்தில் ஒரு புள்ளி. வாத்தியார் இன்னும் நம்பவில்லை. நான் நம்புகிறேன்.

ஜனவரி 8, இரவு

என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் வரும். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், கவனிக்காமல் விட்டால் காயில் கருகிவிடும். கருகினதை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் என்று பார்த்து, அதே மாதிரி புதுசாகச் சுற்றி, காடியில் பேப்பர் வைத்து இறக்க வேண்டும். சுற்று குறைந்தால் கரண்ட் அதிகமாக இழுக்கும், சூடேறும், பத்து நாளில் திரும்ப வரும். திரும்ப வந்தால் காசு கேட்க முடியாது. ஆகவே எண்ணுவதில் நான் கெட்டி. சுற்றும்போது யாராவது "அண்ணாச்சி டீ சொல்லவா" என்றால் கையைக் காட்டுவேனே தவிர வாயைத் திறக்க மாட்டேன்.

குளத்தில் நானூறு நாமக்கோழி மிதக்கும்போதும் அதே கதைதான். பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பிடித்து, அதை அப்படியே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். நாற்பது பத்து. நடுவில் ஒருவர் வந்து "சார், இது எல்லாம் வெளிநாட்டு வாத்தா?" என்று கேட்பார். திரும்ப முதலிலிருந்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குளம் நிறைந்தால் கிணறும் நிறையும், மோட்டார் கொஞ்ச நேரம்தான் ஓடும், எனக்கு வேலை குறைவு, பறவை நிறைய. குளம் வற்றினால் கிணறு அடி மட்டத்துக்குப் போகும், மோட்டார் நாள் முழுக்க ஓடிக் கருகும், கடையில் நடக்க இடமிருக்காது, பறவை இருக்காது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, மறு வருஷக் கோடையில் கடையில் மோட்டார் மேல் மோட்டார். அந்த வருஷம்தான் வீட்டுக் கடனை அடைத்தேன். அந்த வருஷம் என் பறவை நோட்டில் பாதிக்கு மேல் வெறும் தாள்.

எனக்கு எது நல்ல வருஷம் என்று என் வீட்டுக்காரியிடம் கேளுங்கள், ஒரு பதில் வரும். என்னிடம் கேட்டால் வேறு பதில்.

ஜனவரி 9

மேலே நாமக்கோழியையும் "வெளிநாட்டு வாத்து" கேள்வியையும் அடுத்தடுத்து எழுதியதில் நாமக்கோழி வாத்து வகை என்று ஒருவர் எடுத்துக்கொண்டார். வாத்து இல்லை. தாழைக்கோழி, கானாங்கோழி சாதி. காலைப் பார்த்தால் தெரியும். வாத்துக்கு விரல்களை இணைக்கிற தோல் இருக்கும். நாமக்கோழிக்கு ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக இலை மாதிரி மடல். பல் டாக்டர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். வாயைப் பார்த்தாலே போதும் என்பார். வாத்துக்குத் தட்டை அலகு, இதற்குக் கோழி அலகு, நெற்றியில் வெள்ளை நாமம். அவர் எதையும் வாயை வைத்துத்தான் முடிவு செய்வார்.

ஜனவரி 10

"குளம் நிறைந்தால் வேலை குறைவு என்கிறீர்களே, 2023 டிசம்பர் மறந்துவிட்டதா?"

மறக்கவில்லை, எழுதும்போது வசதியாக விட்டுவிட்டேன். அந்த டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. குளம் நிறைந்தது என்பதோடு நிற்கவில்லை, பல இடத்தில் கரையே போனது. பம்புசெட் ரூமோடு மோட்டார் முங்கி, உள்ளே சேறு புகுந்து, ஆற்றங்கரை ஊர்களிலிருந்து எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தண்ணீரில் கழுவி, பல்பு போட்டுக் காயவைத்தே இரண்டு மாதம். அந்த ஜனவரியில் பறவையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. உடைந்த குளத்தில் தண்ணீர் ஏது, பறவை ஏது.

ஆக என் தராசு அவ்வளவு சரியான தராசு இல்லை. காய்ந்தாலும் கடை, பேய்ந்தாலும் கடை. அளவாகப் பெய்தால்தான் ஞாயிற்றுக்கிழமை.

ஜனவரி 12, ஞாயிறு

மீன்பாசி அண்ணாச்சியின் கதை. கொஞ்சம் நீளும்.

குளத்தில் தண்ணீர் வந்ததும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுகிறவர். ஏலப் பணம் முன்னாலே கட்டியாயிற்று. குஞ்சு விரல் நீளம் இருக்கும்போது நீர்க்காகம் வந்து இறங்கினால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். நமக்கு அது பட்டியலில் ஒரு வரி. அவருக்கு வட்டி.

ஆனால் பாருங்கள், எங்கள் கூட்டத்திலேயே நீர்க்காகத்தைச் சரியாகப் பிரித்துச் சொல்கிறவர் அவர்தான். சிறு நீர்க்காகம் வேறு, கொண்டை நீர்க்காகம் வேறு, பாம்புத்தாரா வேறு. மூன்றும் கறுப்பு, மூன்றும் முங்கும், மூன்றும் மரத்தில் சிறகை விரித்துக் காயப்போடும். புதிதாக வருகிறவர்கள் மாதக் கணக்கில் குழம்புவார்கள். அண்ணாச்சி கரையின் அந்தக் கோடியிலிருந்தே சொல்வார். "சின்னவன் கரையோரத்துல பொடி மீன் பொறுக்குவான், அவன விடும். நடுவுல கூட்டமா வளைச்சு முங்குதான் பாரும், அவந்தான் என் குடியக் கெடுக்கவன்." பாம்புத்தாரா ஒண்டியாக வரும், அலகால் குத்தி எடுக்கும், போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடுவார். மஞ்சள் மூக்கு நாரையின் மேல் அவருக்குப் பகையே இல்லை. ஆழத்துக்குப் போகாது, முழங்கால் தண்ணீரில் அலகைத் திறந்து வைத்துத் துழாவும், அங்கே இவர் மீன் இருக்காது. கூழைக்கடா என்றால் மட்டும் ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

இப்போது வேடிக்கை. அவர் மகளைக் கொடுத்திருப்பது கூந்தன்குளத்தில். 1994-ல் சரணாலயம் ஆவதற்கு முன்பிருந்தே அந்த ஊர் பறவையைப் பிள்ளை மாதிரி பார்க்கிற ஊர். வீட்டுக் கொல்லை மரங்களில்கூடக் கூடு இருக்கும், எச்சம் துணியில் விழுந்தால் துணியைத்தான் இடம் மாற்றுவார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது. பேரன் என்ன செய்வான்? தாத்தா ஊருக்கு வந்துவிடுவான். தாத்தா குளத்துக் கரையில் நின்று சரவெடி போடுவான். "பேரனுக்கு வெடி, எனக்கு நீர்க்காகம் காலி." அந்த நீர்க்காகம் எல்லாம் எங்கே போகும்? "எங்க போவும், மக ஊருக்குத்தான். நான் வெரட்டுதேன், சம்பந்தி ஊர்க்காரன் வச்சுப் பாக்கான்."

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வரும்போது எங்களோடு வந்து நின்றுகொண்டு, விரட்டினது எத்தனை இங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார். இவரைப் பொழுதுபோக்குக்காரர் என்பதா, கணக்குப் பார்க்கிறவர் என்பதா? பைனாகுலரைத் தர மறுத்தால் கோபம் வருகிறது. அதனால் பொழுதுபோக்கு என்றுதான் நான் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 14, பொங்கல்

இன்று முதல் நாலு நாள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. எங்கும் போக வேண்டாம், கால் மணி நேரம் வாசலில் நின்று பார்த்து எழுதினாலும் போதும். பால் பொங்குகிற நேரத்தில் பதினைந்து நிமிஷம் எண்ணினேன். காகம், மைனா, தவிட்டுக் குருவி, பனை உழவாரன், வேப்பமரத்தில் குயில். பனை உழவாரனை எண்ணிக்கொண்டிருந்ததில் பானையை விட்டுவிட்டேன். நான் பார்க்காதபோது பொங்கியிருக்கிறது. "எந்தப் பக்கம் வழிஞ்சதுன்னு கூடத் தெரியாதா?" என்று அம்மை கேட்டாள். வடக்கே என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 15

எல்லாரையும் சொல்லிவிட்டு பீடி அக்காவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று கண்டக்டர் போனில் சண்டை. சரி.

அக்கா கரைக்கு வருகிறவர் இல்லை. அதனால் ஏழில் வரவில்லை, எட்டிலும் வரவில்லை. திண்ணையில் சுளகை மடியில் வைத்து, இலை, தூள், நூல், காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் சுற்றல். எதிரே புளியமரம், அதில் நாரைக் கூடு. கை சுற்றும், கண் மேலே இருக்கும். பீடியைப் பார்த்துச் சுற்றுகிற காலம் அவருக்கு எப்போதோ போய்விட்டது.

எந்தக் கூட்டில் எத்தனை குஞ்சு, தாயும் தகப்பனும் எத்தனை தடவை இரை கொண்டுவந்தன, நண்பகல் வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்தது எது என்றெல்லாம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுப் போகிற எனக்கு இது கிடைக்காது. ஒருமுறை பட்டியலில் "கூடு 14" என்று எழுதினேன். "பதினொண்ணுதான் தம்பி. மூணு போன வருசக் கூடு, ஆளில்ல. நீங்க சுள்ளிய எண்ணிட்டுப் போறீய." திருத்தினேன்.

ஜனவரி 16

விவாதம் எங்கேயோ போய்விட்டதால் நானும் கொஞ்சம் போகிறேன். பறவை பார்த்த பெரிய ஆட்களுக்கெல்லாம் என்ன வேலை என்று நேற்று ராத்திரி யோசித்தேன். காங்கிரஸை ஆரம்பித்து வைத்த ஹ்யூம் இருக்கிறாரே, அவர் இந்தியப் பறவைகளைச் சேகரித்ததில் பெரிய கை. உத்தியோகம்? சுங்க இலாகா கமிஷனர், உப்பு கடத்தாமல் காவல் காக்கிற வேலை. அவர் எழுதி வைத்த பறவைக் குறிப்புகளை 1880-களில் வேலைக்காரர் ஒருவர் பழைய தாளாகக் கடையில் போட்டுவிட்டார் என்பார்கள். அதோடு மனிதருக்கு ஆர்வமே விட்டுப்போனது. என் கடையில் பழைய நோட்டுகள் இருக்கிற அலமாரியை இன்று பூட்டினேன்.

ஜெர்டான், பட்டாளத்து டாக்டர். சாலிம் அலி பர்மாவில் குடும்பத்தின் சுரங்கம், மர வியாபாரம் பார்த்தவர். அப்புறம் பம்பாய் மியூசியத்தில் வேலை. அந்த வேலையும் போன பிறகு கடலோர கிராமம் ஒன்றில் உட்கார்ந்துதான் தூக்கணாங்குருவியைக் கவனித்தார். வேலை இருந்திருந்தால் அந்தக் குருவியின் வண்டவாளம் வெளியே வந்திருக்காது. ஆண் ஒன்று கூடு கட்டி முடித்ததும் அடுத்த பெண்ணுக்கு அடுத்த கூடு கட்டப் போய்விடும் என்பதைத்தான் சொல்கிறேன்.

நம்மூர் ஆள் மா. கிருஷ்ணன், பெருங்குளத்தில் 1912-ல் பிறந்தவர். சண்டூர் சமஸ்தானத்தில் வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, ராஜாவின் அரசியல் செயலாளர் என்று என்னென்னவோ வேலை. 1950-லிருந்து 1996-ல் சாகிற வரை கல்கத்தா பத்திரிகை ஒன்றில் விலங்கும் பறவையும் பற்றித் தொடர்ந்து எழுதினார். நாற்பத்தாறு வருஷம். அவர் அப்பா மாதவையா உப்பு இலாகாக்காரர். ஹ்யூமும் உப்பு, மாதவையாவும் உப்பு.

ஜனவரி 17

திருத்தம். கிருஷ்ணன் பிறந்தது திருநெல்வேலியில். பெருங்குளம் அவர் அப்பா மாதவையாவின் ஊர். வாத்தியார் காலை ஆறு மணிக்குப் போன் போட்டுத் திருத்தினார். பெருங்குளம் குளமும் நீர்ப்பறவைக்குப் பேர்போனதுதான், அந்த ஞாபகத்தில் கை போய்விட்டது.

அல்வாக் கடைக்காரர் யாரும் பறவை பார்ப்பதில்லையா என்று கேட்டவருக்கு: நெல்லை என்றாலே அல்வா தவிர வேறு ஞாபகம் வராதா உங்களுக்கு? இல்லை. கிண்டுகிறவர் கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும்.

ஜனவரி 19, ஞாயிறு

கண்டக்டர் இன்று டூட்டி. பஸ் குளத்துக் கரையை ஒட்டிப் போகிற இடம் அரை நிமிஷம்தான். படிக்கட்டில் நின்றுகொண்டு பார்ப்பார். டிக்கெட் கொடுத்து முடித்திருந்தால் பார்ப்பார், இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தக் குளத்தில் பறவையே இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை அதே குளம், வருஷம் முழுக்க. பூநாரை எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் போனது என்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

பத்தமடைப் பெண் இன்று ஒரு கோரை உள்ளானைக் கண்டுபிடித்தாள். நாங்கள் ஆறு பேர் அதே இடத்தைத்தான் பத்து நிமிஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். காய்ந்த கோரைக்கு நடுவே முதுகில் கோடு கோடாக அது உட்கார்ந்திருந்தது. "அந்தக் கோரை மட்டும் கிழிக்காத கோரை மாதிரி தடிப்பா இருந்துச்சு அண்ணே, அதான் பாத்தேன்." பட்டுப்பாய்க்குக் கோரையை மயிர் மாதிரி கிழித்து எடுத்துப் பழகின கண். பல் டாக்டர் கேமராவைத் தூக்குவதற்குள் பறந்துவிட்டது.

ஜனவரி 21

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டுப் போகிறீர்களே, தொழில் பாதிக்காதா?

பாதித்தது. நாலு வருஷம் முன்னால் சனிக்கிழமை ராத்திரி ஒருவர் ஏழரை எச்பி மோட்டாரை இறக்கிவிட்டுப் போனார். பிசானப் பருவம், நெல் பொதி கட்டுகிற சமயம். ஞாயிறு உட்கார்ந்திருந்தால் திங்கள் காலை கொடுத்திருக்கலாம். நான் வரித்தலை வாத்து வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்விட்டேன். வாத்து இல்லை. திரும்பி வந்தால் மோட்டாரும் இல்லை, நாங்குநேரியில் வேறு கடைக்குக் கொண்டுபோய்விட்டார். இன்றும் என் கடை வழியாகத்தான் போகிறார். தலையை இந்தப் பக்கம் திருப்புவதில்லை. அவர் மேல் தப்பு இல்லை.

ஜனவரி 22

வரித்தலை வாத்து என்று எழுதினதும் ஒன்று ஞாபகம் வந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

போன மாதம் கேட் கீப்பர் ஒரு விஷயம் சொன்னார். நடு ராத்திரி இரண்டு பத்துக்கு கேட்டுக்கு மேலே ஏதோ கூட்டமாகப் போனது, கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும். எப்படி என்றால், "அந்தக் காலத்து பஸ்ல ரப்பர் பந்து வச்ச ஹாரன் இருக்கும்லா, அத தூரத்துல பத்து பேரு மாத்தி மாத்தி அமுக்குன மாதிரி." நான் வக்காவாக இருக்கும் என்றேன். ராத்திரி திரிகிற கொக்கு, போகிற போக்கில் கத்தும். "வக்கா எனக்குத் தெரியாதா அண்ணாச்சி" என்றார். அது "குவாக்" என்று ஒற்றையாகக் கத்தும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியானால் சீழ்க்கைச் சிறகி என்றேன். அது விசில் அடிக்கும், இது விசில் இல்லை என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். நோட்டிலும் எழுதவில்லை.

நேரம் மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் உறுதிக்கு நம்பர் பரிமாறிக்கொண்டு, கேட்டை அடைத்து, வண்டி போனதும் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ரிஜிஸ்டரில் நேரம் எழுதுகிறவர்.

ஜனவரி 26, ஞாயிறு, மதியம்

இன்று இருட்டோடு போய்விட்டோம். கூந்தன்குளம் கரையில் ஐந்தரைக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வடக்கேயிருந்து ஒரு சத்தம். ரப்பர் பந்து ஹாரன்.

எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. தண்ணீரில் இறங்குகிற சளசளப்பு கேட்டது. வெளிச்சம் வந்ததும் பார்த்தால் வரித்தலை வாத்து, 46. தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்பு வரி, பூஞ்சை பிடித்த கண்ணாடியிலும் தெளிவாகத் தெரிந்தது. திபெத், மங்கோலியாப் பக்கம் குஞ்சு பொரிக்கிறவை. இமயமலையை ராத்திரியிலும் விடிகாலையிலும் தாண்டுகிற பறவை. குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும், சிறகுக்குப் பிடிமானம் கிடைக்கும். அவ்வளவு தூரத்தை இருட்டில் தாண்டி வருகிற பறவைக்கு ஒரு கேட்டைத் தாண்டுவதா பெரிசு. நான் படித்திருக்கிறேன். படித்தும் "வக்கா" என்றேன்.

சத்தத்தைப் போனில் பிடித்தேன். காற்றாலைப் பையன் சொன்னான், "அண்ணே, இதையே நானோ சாரோ சொல்லியிருந்தா எழுதியிருப்பிய."

பதில் சொல்லவில்லை.

பி.கு. பாளையங்கோட்டைக்காரர் இன்று வந்திருந்தார். நல்ல மனிதர். உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டேன். சிரித்தார், சொல்லவில்லை.

ஜனவரி 28

டீக்கடையில் கேட் கீப்பருக்குப் போட்டுக் காட்டினேன். முதல் சத்தத்திலேயே டம்ளரை வைத்துவிட்டார். "இதான்."

பாளையங்கோட்டைக்காரர் கேட்டதை இரண்டு நாளாக யோசிக்கிறேன். கரையில் யார் நிற்கிறார்கள் என்று எண்ணிக் காட்டி அவரை மடக்கிவிட்டதாக நினைத்தேன். ஆனால் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-லிருந்து நடக்கிறது, நாங்களும் போகிறோம். எங்கள் குழு கொடுத்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். வாத்தியார் பேர் இருக்கிறது, டாக்டர் பேர் இருக்கிறது, என் பேர் எல்லா வருஷமும் இருக்கிறது. கண்டக்டர் பேர் இரண்டு வருஷம். பீடி அக்கா பேர் எங்கேயும் இல்லை, பதினொன்று என்ற எண் மட்டும் இருக்கிறது, என் பேரில். தாளை மட்டும் பார்க்கிறவருக்கு நீங்கள் சொன்னதுதான் சரி என்று தோன்றும்.

டிசம்பரில் கேட் கீப்பர் கேட்ட வாத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் கணக்கில் போடக்கூடாது, அது விதி, நல்ல விதி. அவர் பேரிலேயே போனில் பறவைப் பட்டியல் போட ஒரு கணக்கு ஆரம்பித்துத் தருகிறேன் என்று சொல்லப் போகிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சொன்னேன். பிஸ்கட்டை டீயில் முக்கியபடியே கேட்டார்.

"அதுல நேரம் போடணுமா அண்ணாச்சி?"

போட வேண்டும்.

"இடம்?"

இடமும்.

"அப்பம் பேரு வேண்டாம். ரெண்டு பத்துக்கு கேட்டுல நின்னு வானத்தப் பாத்துட்டு இருந்தேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்லா."

நீங்கள் வேலையை விட்டுவிட்டா பார்த்தீர்கள் என்றேன். இல்லையாம். வண்டி கடந்ததும் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டும், வண்டி அறுந்துபோகாமல் முழுசாகப் போகிறதா என்று. விளக்கு தூரத்தில் சின்னதாகி மறைகிற வரை நின்றிருக்கிறார். வண்டிச் சத்தம் அடங்கின பிறகுதான் மேலே அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. "டூட்டி பாத்ததாலதான் கேட்டுச்சு. ஆனா அத யாரு நம்புவா. நீரே நம்பல."

டீக்கு அவர்தான் காசு கொடுத்தார், என்னைக் கொடுக்க விடவில்லை.

இப்போது புரிந்திருக்கும், யாருக்கும் பேர் போடாததற்குக் காரணம். மேலே நான் எழுதியிருக்கிற இரண்டு பத்தும் சரியான நேரம் இல்லை, மாதம்கூட மாறியிருக்கலாம். சரியானதை எழுதி வைத்திருக்கிறேன், கடை நோட்டில், 5 எச்பி பேரிங் மாற்றியதற்கும் மாவு மில் மோட்டார் அட்வான்ஸ் ஐந்நூறுக்கும் நடுவே.